ஜிடி 730 வாங்கும் முன்: கைட் லினக்ஸில் என்விடியா டிரைவர் எப்படி?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எடுப்பவர்கள் புதுப் பெட்டிக்குப் போவது குறைவு. கோவையிலோ பொள்ளாச்சியிலோ, ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 டவரைப் பிடித்து வருவார்கள். மறையூர், காந்தளூர்க்காரர்களுக்கு உடுமலை. மூணாறுக்காரர்களுக்கு போடி, தேனி. கடைக்காரர் அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டையும் செருகி, "பையன் கேம் ஆடலாமுங்க, வீடியோ எடிட் பண்ணலாமுங்க" என்று இன்னும் ஆயிரம் இரண்டாயிரம் சேர்த்துவிடுவார். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் அந்தக் கார்டு பெரும்பாலும் என்விடியாவின் ஜிடி 730. அது இல்லையென்றால் ஜிடி 710.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்பது விண்டோஸ் அல்ல. பள்ளியில் இருப்பதுதான் வேண்டும் என்பார்கள். கேரளத்தில் பள்ளியில் இருப்பது லினக்ஸ். 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம், அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே பள்ளி லேப்களைக் கட்டற்ற மென்பொருளுக்குத் திருப்பியது. 2017-இல் அதுவே கைட் என்ற அரசு நிறுவனம் ஆனது. மறு வருடம் வந்த லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனிமேஷனும் புரோகிராமிங்கும் கற்கிறார்கள். தமிழ் மீடியம் பள்ளியானாலும் லேப் இதேதான். இப்போது ஓடுவது உபுண்டு 22.04-ஐ அடியாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸ் 22.04. பென் டிரைவில் வாங்கிவந்து வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளத் தடையில்லை. காசும் இல்லை.

போட்டு முடிக்கும்வரை எல்லாம் சுகம். அதன்பிறகு, "உள்ளே ஒரு கார்டு இருக்கிறதே, அதற்கு ஒரிஜினல் டிரைவர் போட்டால் பிளெண்டர் வேகமாக ஓடுமே" என்ற ஆசை வரும். அந்த ஆசையைத்தான் இங்கே சோதித்தேன். ஒரு பக்கம் ஜிடி 730 செருகிய நான்காம் தலைமுறை ஐ5 டவர். இன்னொரு பக்கம் ஜிடிஎக்ஸ் 1650 உள்ள லேப்டாப். இரண்டிலும் கைட் 22.04.

முதலில் ஒரு விஷயம். கார்டைச் செருகி லினக்ஸ் போட்டவுடன் திரை வருகிறதே, அதுவும் ஒரு டிரைவரின் வேலைதான். அதன் பெயர் நூவோ. என்விடியா விவரம் எதுவும் தராமல் இருந்த காலத்தில், கார்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து வெளியாட்கள் எழுதிச் சேர்த்தது. 2012-இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டியது இந்தப் பூட்டி வைக்கும் குணத்துக்காகத்தான். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து கம்பெனி தன் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் சிப்பின் வேகத்தை ஏற்ற முடியாதபடி செய்துவிட்டது. நூவோ அங்கே கட்டிப்போட்ட நிலை. 2022 மே மாதத்தில் என்விடியா கர்னல் மாட்யூலின் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஆனால் டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும். நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கும் பழைய கார்டுகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, போட்டதும் ஓடும்.

இப்போது ஜிடி 730-க்கு வருவோம். இந்தப் பெயரில் என்விடியா ஒரே கார்டை விற்கவில்லை. 96 கோர்களும் டிடிஆர்3 மெமரியும் உள்ள ஒன்று ஃபெர்மி என்ற பழைய தலைமுறை. அதன் சிப் ஜிஎஃப்108. 384 கோர் உள்ளது கெப்ளர், சிப் ஜிகே208. டப்பாவில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். செகண்ட் ஹேண்ட் கடையில் டப்பாவும் கிடையாது, அழுக்குப் பிடித்த ஒரு ஃபேனும் ஸ்டிக்கரும்தான். விண்டோஸில் இந்த வித்தியாசம் அவ்வளவாக உறைக்காது. லினக்ஸில் எல்லாமே இதில்தான் நிற்கிறது. ஏனென்றால் ஃபெர்மிக்கு 390 என்ற வரிசை டிரைவர்தான் கடைசி, கெப்ளருக்கு 470. என்விடியா 390-ஐக் கைவிட்டது 2022 இறுதியில். 470-க்கு 2024-உடன் சரி.

எந்தச் சிப் என்று பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டாம், டெர்மினலும் வேண்டாம். புதிதாகப் போட்ட லினக்ஸில், வேறெந்த டிரைவரும் ஏற்றுவதற்கு முன், செட்டிங்ஸுக்குள் போய்க் கீழே இறங்கி 'அபௌட்' பக்கத்தைத் திறங்கள். கிராபிக்ஸ் என்ற வரியில் நூவோ தன் பாஷையில் சிப்பின் பெயரைச் சொல்லும். என்விசி1 என்று இருந்தால் ஃபெர்மி. என்வி106 அல்லது என்வி108 என்றால் கெப்ளர். அந்த இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று நீளமாக ஏதாவது இருந்தால் கார்டு வேலையே செய்யவில்லை, திரை முழுவதையும் புராசசர்தான் வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடையிலேயே ஒரு லைவ் பென் டிரைவில் பூட் செய்து இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது உத்தமம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

என் கைக்கு வந்தது கெப்ளர். டிரைவர் போடும் வழி எளிது: 'சாப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து, 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற கடைசிப் பக்கங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும். சற்று நேரம் தேடிவிட்டு ஒரு பட்டியல் வரும். 470, 390, சில சமயம் சர்வர் என்று வால் வைத்த ஒன்றிரண்டு, கடைசியில் நூவோ. இதில் ஒன்றின் பக்கத்தில் 'டெஸ்டட்' என்று இருக்கும். அதன் வட்டத்தைத் தொட்டு 'அப்ளை சேஞ்சஸ்' கொடுத்தால் போதும். கேட்க ஒரு நிமிட வேலை. ஆனால் இறங்குவது சில நூறு எம்பி. மொபைலில் ஹாட்ஸ்பாட் வைத்து இழுப்பவர்கள் டேட்டா மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை இல்லாத டவர் என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடலாம், லினக்ஸ் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

இறங்கி முடிந்தபிறகுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது. டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியில் ஓடும் கர்னலுக்குப் பொருந்துமாறு டிரைவர் மாட்யூலை அங்கேயே கம்பைல் செய்கிறது. பழைய ஐ5-இல் இது சில நிமிடம் பிடிக்கும். பட்டை நகராமல் நிற்பதுபோல் தெரியும். அந்த நேரத்தில் கரண்ட் போகக் கூடாது.

பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும்போதும், இடுக்கி மலையில் ஐப்பசி மதியத்தில் இடி இறங்கும்போதும் அதெல்லாம் நம் கையிலா இருக்கிறது? மூணாறுப் பக்கத்திலிருந்து வரும் போன்களில் இது வழக்கமான ஒன்று: "அண்ணே, டிரைவர் ஏறிக்கிட்டிருந்துச்சு, கரண்ட் போயிருச்சு. இப்ப கறுப்பா நிக்குது." பயப்பட ஒன்றுமில்லை. பூட் ஆகும்போது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக ரெகவரி மோடுக்குள் போனால் அங்கே 'டிபேக்கேஜ்' என்று ஒரு வரி இருக்கும், பாதியில் நின்ற பேக்கேஜ்களை அது முடித்துவைக்கும். வீட்டில் யூபிஎஸ் இல்லாதவர்கள் இந்த வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிய பிறகு என்ன லாபம்? இங்கேதான் கடைக்காரர் சொன்னதும் நடப்பதும் பிரிகின்றன. நூவோ இந்தக் கார்டைப் பூட் ஆகும்போது இருக்கும் அடிமட்ட வேகத்திலேயே ஓட்டுகிறது. 470 வந்ததும் கார்டு முழு வேகத்துக்கு ஏறுகிறது. பிளெண்டரில் ஒரு மாடலைச் சுழற்றினால் திக்கித் திக்கி வந்தது இப்போது வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. ஓபன்டூன்ஸில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிராட்ச், ஜியோஜீப்ரா இவையெல்லாம் முன்பும் நன்றாகத்தான் ஓடின. யூடியூப்? ஃபயர்பாக்ஸில் வீடியோவைப் பிரிக்கும் வேலையை முன்பும் புராசசர்தான் செய்தது, இந்த டிரைவர் வந்த பிறகும் புராசசர்தான் செய்கிறது. என்விடியாவின் டிரைவர் லினக்ஸ் பிரவுசர்கள் எதிர்பார்க்கும் வழியில் வீடியோ டிகோடிங்கைத் தானாகத் தருவதில்லை. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரை இந்தக் கார்டின் மேல் ஏற்றிப் பார்த்தேன். ஐ5-இன் நான்கு கோர்கள் கிட்டத்தட்ட சமமாகப் போட்டி போடுகின்றன. கடையில் சொன்ன 'வீடியோ எடிட்' இதுதான் என்றால், கார்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம்.

இன்னொன்றையும் செய்து பார்த்தேன். கார்டையே கழற்றி வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினேன். ஐ5-க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் கைட் எந்தக் குறையுமில்லாமல் ஓடியது. பள்ளிப் பாடத்துக்கு இது போதும். மின்சாரமும் மிச்சம், ஃபேன் இரைச்சலும் இல்லை.

டிரைவர் ஏறி, எல்லாம் நன்றாக ஓடி, சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் திரை வரவில்லை என்பது இந்த டிரைவர்களின் பெயர்போன வியாதி. காரணம் மர்மமல்ல. உபுண்டு 22.04 வந்தபோது கர்னல் 5.15. அப்டேட்டுகள் வழியாக அது படிப்படியாக 6.8 வரை ஏறியிருக்கிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் டிகேஎம்எஸ் மாட்யூலைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். கம்பெனி கைவிட்ட டிரைவருக்குப் புதுக் கர்னலின் போக்கு தெரியாது. உபுண்டுக்காரர்கள் ஒட்டுப்போட்டால் ஏறும், இல்லாவிட்டால் கம்பைல் தோற்கும், மறுநாள் கறுப்புத் திரை. 390-ஐ வைத்து ஓட்டும் ஃபெர்மிக்காரர்களுக்கு இது முதலில் வரும், 470-க்காரர்களுக்குப் பின்னால் வரும். 24.04-இன் ரிப்பாசிட்டரியில் 390 இல்லவே இல்லை.

கறுப்பிலும் வகை உண்டு. பவர் பட்டனை அழுத்தியதும் கம்பெனி லோகோகூட வரவில்லை என்றால் அது டிரைவர் பிரச்சினையே அல்ல, லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சித்தூர்ப் பக்கத்துச் செம்மண் தூசியும் மூணாறு ஈரமும் கார்டின் தங்கப் பற்களைக் கெடுக்கும். கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். லோகோ வந்து, அதற்குப் பிறகு கறுப்பானால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும். பூட் ஆகும்போது ஷிஃப்டையோ எஸ்கேப்பையோ தட்டி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது எழுந்தால் காரணம் உறுதி. அதுவும் எழாவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்பு டெர்மினலில் லாகின் செய்து, என்விடியா என்று தொடங்கும் பேக்கேஜ்கள் அத்தனையையும் பர்ஜ் கொடுத்து நீக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். நூவோ தானாக வந்து உட்காரும். திரும்ப ஓஎஸ் போடத் தேவையில்லை. நம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் எதற்கெடுத்தாலும் ஃபார்மட் அடித்து, பிள்ளையின் ப்ராஜெக்ட்டையும் சேர்த்து அழித்துக் கொடுக்கிறார்கள். இந்தக் கோளாறுக்கு அது வேண்டவே வேண்டாம்.

லேப்டாப் கதை வேறு. ஜிடிஎக்ஸ் 1650 டூரிங் தலைமுறை, என்விடியா இன்றும் ஆதரிப்பது. டிரைவர் ஏற்றுவது அதே ஜன்னலில்தான். ஆனால் புதிய லேப்டாப்களில் செக்யூர் பூட் ஆனில் இருக்கும். உபுண்டுவே கையொப்பமிட்டு அனுப்பும் மாட்யூல் என்றால் தொல்லையில்லை. டிகேஎம்எஸ் வழியாக வீட்டிலேயே கம்பைல் ஆவது என்றால், நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். எதற்கென்று பலருக்குப் புரிவதில்லை, ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அடுத்த முறை பூட் ஆகும்போது நீலப் பின்னணியில் ஒரு திரை வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி எண்ணும். டீ எடுக்கப் போனால் போச்சு, எதுவும் நடக்காததுபோல் லினக்ஸ் பூட் ஆகிவிடும். டிரைவர் டிஸ்கில் இருக்கும், ஆனால் கர்னல் அதை உள்ளே விடாது. அந்த நீலத் திரையில் நிதானமாக 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய், வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டவர்கள் டிரைவரை நீக்கித் திரும்ப ஏற்றினால் மறுபடி கேட்கும். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது இன்னொரு வழி. விண்டோஸும் அதே லேப்டாப்பில் இருந்தால் பிட்லாக்கர் கீயைக் கேட்டு நிற்கக்கூடும், அதைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்த லேப்டாப்பில் டிரைவர் கொடுத்த பலன் மெய்யானது. சைக்கிள்ஸ் ரெண்டர் பார்த்தாலே தெரியும் அளவுக்கு வேகம். கேடன்லைவில் வீடியோ ஏற்றுமதிக்கும் கார்டு கைகொடுக்கிறது. இந்த வகை லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு: இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று. என்விடியா செட்டிங்ஸில் பிரைம் என்ற பக்கத்தில் எது ஓட வேண்டும் என்று சொல்லலாம். 'ஆன் டிமாண்ட்' என்பதில் விட்டுவிடுவதே நல்லது. சாதாரண வேலைக்கு இன்டெல் ஓடும், பிளெண்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து தனிக் கார்டில் திறக்கச் சொன்னால் என்விடியா எழும். கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரி தாங்குவது இதில்தான்.

பேட்டரிக்கு ஆசைப்பட்டு 'இன்டெல் மட்டும்' என்று மாற்றிவிடாதீர்கள், ஆசிரியர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேராக என்விடியா சிப்பில் போய் முடிகிறது. சிப்பை அணைத்தால் துளையும் செத்துவிடும். புரொஜெக்டரில் நீலத் திரை மட்டும் நிற்கும், முன்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். "ஏனுங்க சார், நேத்து வந்ததுங்க, இன்னைக்கு வரமாட்டேங்குதுங்களே" என்று எனக்கு வரும் கேள்விக்குப் பல நேரம் இதுதான் விடை. கேபிளை மாற்றாதீர்கள், பிரைம் பக்கத்தைப் பாருங்கள்.

என்விடியாவின் தளத்திலிருந்து நேராக இறக்கும் ரன் ஃபைலைப் பற்றியும் கேட்பார்கள். யூடியூப் வீடியோக்கள் அதைத்தான் காட்டுகின்றன. அது பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்து ஃபைல்களைக் கொட்டும், அடுத்த கர்னல் அப்டேட்டில் உடையும், நீக்குவதும் சள்ளை. ரிப்பாசிட்டரியில் இருப்பதைவிட நம்பர் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கிறது என்பதற்காக அதைத் தொட வேண்டாம். பள்ளி லேப் கணினியில் கட்டாயம் வேண்டாம்.

ஆக, என் தீர்ப்பு. செகண்ட் ஹேண்ட் டவர் வாங்குபவர் கார்டு வேண்டாம் என்று சொல்லி அந்தப் பணத்தைக் குறைத்துக் கேளுங்கள். கார்டு ஏற்கெனவே உள்ளே இருந்து, அது கெப்ளர் என்றால் 470-ஐ ஏற்றலாம், பிளெண்டர் பழகும் பிள்ளைக்குப் பிரயோஜனம். ஃபெர்மி என்றால் 390-ஐத் தேடி அலையாதீர்கள். நூவோவில் விடுங்கள், அல்லது கழற்றிவிட்டு இன்டெல்லில் ஓட்டுங்கள். புது லேப்டாப்பில் லினக்ஸ்தான் என்று முடிவு செய்திருந்தால் ஏஎம்டி அல்லது இன்டெல் கிராபிக்ஸே நிம்மதி. ரெண்டர் வேகம் கட்டாயம் என்பவர்களுக்கு மட்டும் என்விடியா, அதிலும் டூரிங்குக்குக் கீழே போக வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1050 போன்ற பாஸ்கல் கார்டுகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றுக்கு 580 வரிசையே கடைசி என்று 2025-இல் என்விடியா அறிவித்துவிட்டது.

உபுண்டு 22.04-க்கான வழக்கமான ஆதரவு 2027-இல் முடிகிறது. ஜிடி 730 வைத்திருப்பவர்கள் அதற்கு முன் ஒரு முறை அபௌட் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.